சாமியைக் குருடு என்ற வாத்தியார்

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. கொல்லிமலையில், திருப்புலி நாடு என்கிற மலைப்பகுதியின் பள்ளிக்கூடத்துக்கு நான் ஒருவனே வாத்தியார். சர்க்கார் சம்பளக்காரன் என்பதற்காகவே மலைக்குக் கீழே என் ஊரில் எனக்குப் பெண் பேசி, தை மாதம் முகூர்த்தம் குறித்திருந்தார்கள். வேலை போனால் பெண்ணும் போய்விடும்.

மலையில் நோம்பி என்று சாமிக்குத் திருவிழா சாட்டினால் பள்ளிக்கூடம் பத்து நாள் காலி. அந்த வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. செம்மேட்டுச் சந்தையில் ஊர்க்கவுண்டரும் ஏழெட்டுப் பேரும் நின்றிருந்த இடத்தில் போய், "உங்க சாமி குருடு. அதைக் கும்பிடற நீங்களும் குருடு" என்றேன். முதல் பாதி என் கொள்கை. இரண்டாம் பாதி வெறும் வாய்க்கொழுப்பு. மனதில் பட்டதைப் பேச மனிதனுக்கு உரிமை உண்டு என்று சிநேகிதர்களிடம் மணிக்கணக்காக வாதாடியவன் நான்.

யாரும் என்னை ஏசவில்லை. சாமியைப் பழித்த வாத்தியார் வேண்டாம், வேறு ஆளைப் போடுங்கள் என்று மேலதிகாரிகளுக்கு மனு மட்டும் போனது.

விசாரிக்கப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர், ஆட்கள் தூக்கிய டோலியில் வந்தார். பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

"என்ன சொன்னார்?" என்று ஊர்க்கவுண்டரைக் கேட்டார்.

"அதை எங்க வாயால சொல்ல மாட்டமுங்க. சொன்னா எங்களுக்கும் அந்தப் பாவமுங்க."

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும் அதையே.

"வார்த்தையைச் சொல்லாவிட்டால் நான் என்னத்தை எழுத?" என்று இன்ஸ்பெக்டர் சலித்துக்கொண்டார். எனக்கு உள்ளூரச் சிரிப்பு. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அப்போது ஊர்க்கவுண்டர், "வாத்தியாரையே கேளுங்க. பொய் பேசப்படாதுன்னு எங்க புள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கறவருங்க. அவரு சொல்றதை எழுதிக்குங்க" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். பேச்சுரிமை பற்றி நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த எதுவும் அப்போது வாயில் வரவில்லை.

"நான் அப்படி எதுவும் சொல்லவில்லை, சார்."

ஊர்க்கவுண்டர் என்னைப் பார்த்தார். பிறகு, "அப்பறம் என்னங்க, நாங்கதான் தப்பாக் காதுல வாங்கீட்டமுங்க" என்று இன்ஸ்பெக்டரைக் கும்பிட்டார். புகார் தள்ளுபடியானது.

மறுநாள் ஒரு பிள்ளை குறையாமல் எல்லாரும் வந்தார்கள். எனக்குத்தான் பாடம் ஓடவில்லை.

மூன்றாம் நாள் ஊர்க்கவுண்டர் என் வீட்டுக்கு வந்தார். கையில் இலையில் மடித்த கறி. "உங்க மேல அபாண்டஞ் சொன்ன தோசத்துக்குச் சாமிக்குச் சேவல் அறுத்தமுங்க. இது உங்க பங்கு. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றார்.

உங்கள் காதில் விழுந்தது சரிதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது, ஆனால் தை முகூர்த்தத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. இலையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "பரவாயில்லைங்க, மன்னிச்சுட்டேன்" என்றேன்.