கடைசிமணி அம்மா

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த அம்மா கப்பல் கடையைச் சுற்றி வருகிறார். கப்பல் கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. 'வரவேற்புத் தள்ளுபடி' என்று பலகை மாட்டிவிட்டார்கள். அதன் கீழே நின்று கூட்டம் கைக்கடிகாரங்களை அள்ளுகிறது. அவர் எதையும் தொடமாட்டார். தொட்டால் விற்பனைப் பெண் ஓடி வருவாள். வந்தால் பேச வேண்டும். பேசினால் அந்தச் சாமான் நமக்கு வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். "மொத நாள் பாக்கணும், வாயத் திறக்கக் கூடாது," என்பார். "இன்னிக்கு வாங்குறவங்க எல்லாம் நமக்காகக் கடை வாடகை கட்டுற புண்ணியவானுங்க."

மூன்று இரவு போய்த் திரும்புகிற உல்லாசக் கப்பல் எங்களுடையது. மாதம் ஒருமுறை தவறாமல் வருவார். அறுபதைத் தாண்டியவர், தனி ஆள். கையில் ஒரு சின்னப் பை, கூடவே மடித்துவைத்த பெரிய காலிப் பை ஒன்று. கப்பல் கடையில் மலிவாக வாங்கிக் கரையில் விற்பதுதான் அவர் பிழைப்பு. அடித்தளத்தில் சன்னல் இல்லாத அறைதான் எடுப்பார். கடலைப் பார்க்க வேண்டாமா என்று ஒருமுறை கேட்டேன். "சன்னலுக்குக் காசு குடுத்துட்டு, அந்தச் சன்னலை எவன்கிட்ட போய் விக்கிறது?" என்றார்.

நான் கப்பலில் படம் எடுக்கிறவன். ஏறும்போது பயணிகளை உயிர்காக்கும் வளையத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பேன். பிறகு கடைக்கு எதிரே அதை மாட்டிவைத்து, யாராவது வாங்க மாட்டார்களா என்று மூன்று நாள் காத்திருப்பேன். நூறு பேரில் பத்துப் பேர் வாங்கினால் அன்றைக்கு எனக்குத் திருவிழா. நான்கு வருடத்தில் அந்த அம்மா ஒரு படம்கூட வாங்கியதில்லை. "என் மூஞ்சிய நானே காசு குடுத்து வாங்கவா, படக்காரரே? வீட்ல கண்ணாடி இருக்கு." ஆனாலும் தினமும் வந்து என் மேசையருகே நிற்பார். அங்கிருந்து பார்த்தால் கடை முழுவதும் தெரியும்.

கப்பல் கடைக்கு ஒரு விதி இருக்கிறது. கரை நெருங்கினால் பூட்டி முத்திரை வைத்துவிட வேண்டும், வரிக்காரர்கள் போட்ட சட்டம். அதனால் கடைசி நாள் மதியம் கடைக்காரர்களுக்கு அவசரம் வந்துவிடும். மிச்சம் மீதியைத் தள்ளிவிட ஒரு நீள மேசையை நடைபாதைக்கு உருட்டிவந்து குவிப்பார்கள். பூட்டுவதற்கு முந்தைய அந்த ஒரு மணி நேரம்தான் அம்மாவுடைய நேரம். முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகள் அப்போதுதான் அவிழும். ஊழியர்கள் அவருக்குக் கடைசிமணி அம்மா என்று பெயர் வைத்தது அதனால்தான். அவருக்கும் அது தெரியும், கோபமில்லை.

அவரிடம் பாடம் கேட்டவர்கள் ஏராளம். அங்குலக் கணக்கில் வெட்டித் தருகிற சங்கிலிப் பக்கம் போகாதே, மேலே முலாம், உள்ளே வெறும் பித்தளை. சாக்லேட்டைத் தொடாதே, கரையில் இதைவிட மலிவு. பில்லைக் கசக்கிப் போடாதே. "இதே பயணத்துல விலை இறங்குச்சுன்னா மிச்சத்தத் திருப்பிக் கேக்கலாம். போர்டுல எழுத மாட்டான். கேட்டா இல்லேன்னும் சொல்ல மாட்டான்." காட்சிக்கு வைத்திருக்கும் கடைசிச் சாமானைக் கேள், பெட்டி இல்லையென்று இன்னும் குறைப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: "பெட்டியத் திருப்பு. பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு படி. படிக்காம எடுத்தா அது மலிவு இல்ல, தண்டம்."

கடையில் புதிதாக வருபவர்களுக்குச் சும்மா ஒரு மெல்லிய வளையல் தருவார்கள், சின்னச் சின்னச் சலங்கை மணிகள் கோத்தது. நான்கு வருடமாக ஒவ்வொரு பயணத்திலும் 'நான் புதுசு' என்று சொல்லி அதை வாங்கிக்கொள்வார். விற்பனைப் பெண்ணும் 'அப்படியாம்மா' என்று சொல்லிக் கொடுத்துவிடுவாள். அதை யாருக்கு விற்கிறார் என்று கேட்டேன். "அது விக்கிறதுக்கு இல்ல," என்றார்.

எப்போது ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. விலைச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "என்ன விலை போட்டிருக்க, உன் வாயால சொல்லேன், கேக்க நல்லா இருக்கும்," என்று அந்தப் பெண்ணிடம் கேட்கத் தொடங்கினார். பேரம் பேச இதுவும் ஒரு தினுசு என்று நினைத்தேன். பெட்டிகளை முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். மேல்தளக் கதவின் இரும்பு வாசற்படி தடுக்கி ஒருமுறை விழுந்தார். முழங்காலில் கட்டுப் போட்டு அனுப்பிய பயணிகள் அதிகாரி, "அடுத்த தடவை துணைக்கு யாரையாவது கூட்டிட்டு வாங்கம்மா," என்றார். "துணைக்கும் சேத்து டிக்கெட் எடுத்தா, அப்புறம் நான் வந்ததே வீண் தம்பி," என்று சிரித்து மழுப்பினார்.

என் தொழில்தான் காட்டிக்கொடுத்தது. விற்காத பழைய படங்களைக் கழிக்க உட்கார்ந்தபோது அவருடைய படங்கள் மட்டும் வரிசையாகக் கைக்கு வந்தன. இரண்டு வருடத்துக்கு முந்தைய படத்தில் நேராக என்னைப் பார்க்கிறார். அடுத்ததில் என் காதை. அதற்கும் அடுத்ததில் என் தோளை. கடைசிப் படத்தில், எனக்குப் பக்கத்தில் இல்லவே இல்லாத யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். அந்தப் படங்களை எல்லோரும் பார்க்கிற இடத்தில் நான்தான் மாட்டிவைத்திருந்தேன். எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினேன்.

அடுத்த பயணத்தில் அது நடந்தது. கடைசி நாள், கடைசி மணி. முதல்முறையாகக் கப்பல் ஏறிய ஒரு பள்ளி ஆசிரியையும் அவர் கணவரும் மூன்று நாளாக அம்மாவின் வாலைப் பிடித்துக்கொண்டு திரிந்தார்கள். நீள மேசையில் கருநீலப் பெட்டிகள் குவிந்திருந்தன, விலை உயர்ந்த சென்ட். அம்மா ஒன்றை எடுத்துக் கனம் பார்த்தார், மோந்து பார்த்தார், மூலைகளைத் தடவினார். "பன்னெண்டு எடு," என்றார் விற்பனைப் பெண்ணிடம். அவர் எடுத்தால் போதாதா? ஆசிரியையும் நான்கு எடுத்துக்கொண்டார்.

கால் மணி நேரத்தில் கணவர் பெட்டியைப் பிரித்த கையோடு திரும்பி வந்தார். "என்னங்க இது? சென்ட் இல்ல, ஷேவிங் பண்ணிட்டுத் தடவுற லோஷன்!" அதே கம்பெனி, அதே பெட்டி, அதே நிறம். பின்பக்கம் ஒரே ஒரு வரி மட்டும் வேறு. விற்பனைப் பெண் தலைக்கு மேலிருந்த பலகையைக் காட்டினாள்: கடைசி விற்பனைச் சாமான் திரும்பப் பெறப்பட மாட்டாது. கடைக்கு முத்திரை வைக்க வந்த பயணிகள் அதிகாரி அங்கேயே நின்றிருந்தார். கணவர் நேராக அம்மாவிடம் போனார். "திருப்பிப் படி, திருப்பிப் படின்னு ஊருக்கெல்லாம் சொன்னீங்களே. உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

கோபத்தில் யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான். ஆனால் அதிகாரி தலையைத் திருப்பினார். கண் தெரியாதவரைத் தனியாகக் கப்பலில் ஏற்ற அவர் விடமாட்டார்.

அம்மா அசரவில்லை. "தெரியாம என்ன? தெரிஞ்சுதான் எடுத்தேன். சென்ட் வாங்குறவன் ஒரு பாட்டில ஒரு வருஷம் வச்சுக் கொஞ்சம் கொஞ்சமாத் தெளிச்சுக்குவான். இத முடிவெட்டுற கடையில குடுத்தா ஒரே மாசத்துல தீந்துடும், மறுபடி வருவான். யாவாரம் தெரிஞ்சவங்க இதைத்தான் எடுப்பாங்க." பிறகு ஆசிரியை பக்கம் திரும்பினார். "உங்களுக்கு வேணாமா? குடுங்க. நீங்க குடுத்த விலைக்கே நான் எடுத்துக்கறேன். பிரிச்சதையும் சேத்துத்தான்."

பையிலிருந்து நோட்டுகளை எடுத்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி மடித்திருந்தது. பெரியது நாலாக, சிறியது மூலை மடித்து. விரலால் தடவிச் சரியாகக் கொடுத்தார். ஆசிரியை வெட்கப்பட்டு, "மன்னிச்சிடுங்கம்மா, எங்களுக்கு யாவாரம் தெரியாது," என்றார். அதிகாரி பூட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். நான்கு வருடத்தில் அவர் ஒரு சாமானை அடுத்தவர் சொன்ன விலைக்கு வாங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

கூட்டம் கலைந்ததும் என் மேசைக்கு வந்து ஒரு பெட்டியை நீட்டினார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "படக்காரரே, இதுல என்ன போட்டிருக்கு?"

படித்துச் சொன்னேன்.

"பன்னெண்டுமா?"

"எல்லாமும்தாம்மா."

சரி என்று தலையாட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. "நேரா பாத்தா நடுவுல ஒரு கறுப்பு வட்டம். ஓரமா மட்டும் தெரியும். உங்க மூஞ்சி தெரியணும்னா நான் உங்க தோளத் தாண்டி அந்தப் பக்கம் பாக்கணும். டாக்டர் இது திரும்பாதுன்னுட்டார்."

வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"யாருகிட்ட சொல்ல? இருக்கறது ஒரு பொண்ணு. முப்பத்தோரு வயசு ஆகுது, இன்னும் ஸ்பூனத் தானாப் பிடிக்கத் தெரியாது. ஒரு இல்லத்துல விட்டிருக்கேன். நல்லா வச்சிருக்காங்க. குளிப்பாட்டி, தலை சீவி, வெயில்ல உக்கார வைப்பாங்க. இந்த யாவாரம் நின்னா அந்த இடமும் நின்னுடும். அப்புறம் அவள எங்க போடுவாங்கன்னு போய்ப் பாத்துட்டு வந்தேன்." பெட்டியை வாங்கிப் பைக்குள் போட்டார். "அந்த வளையல் அவளுக்குத்தான். சத்தம் கேட்டா சிரிப்பா. நாப்பதுக்கு மேல சேத்து வச்சிருக்கா."

அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே சிவப்பில் ஒரு புள்ளி இருந்தது. பயணிகள் அதிகாரி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். "அந்தம்மாவுக்குக் கண்ணு சரியில்லையோன்னு சந்தேகம். லோஷன் விஷயத்துல இருந்தே உறுத்திட்டே இருக்கு. நீங்க படம் எடுங்க. நேரா பாக்கறாங்களான்னு பாத்துடலாம். இல்லேன்னா இப்பவே இறக்கி விட்டுடணும். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நாமதான் பதில் சொல்லணும்."

அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அபாய மணி அடித்தால் இரண்டாயிரம் பேர் படிக்கட்டில் முண்டியடிப்பார்கள். அடித்தளத்தில், சன்னல் இல்லாத அறையில் இருப்பது அந்த அம்மா. முன்னே ஓடுகிறவனின் முதுகும் தெரியாது, சுவரில் எழுதியிருக்கிற அம்புக்குறியும் தெரியாது. அதெல்லாம் எனக்கும் தெரியும். இரண்டு மாதமாக இரவில் அதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஏறுபாலத்தில் வந்தார். இளைத்திருந்தார். பழைய சின்னப் பையும், மடித்த பெரிய பையும். சலூன் சலூனாக ஏறி இறங்கியிருப்பார் என்று தோன்றியது. லோஷன் வாசனை அவர் வருவதற்கு முன்னாலேயே வந்தது. பட்டியலில் கையெழுத்துப் போடுகிற இடத்தைக் காவலர் விரலால் காட்டினார். அந்த விரலைத் தொட்டுக்கொண்டே போட்டுவிட்டார். பிறகு வளையத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். நான்கு வருடப் பழக்கம், இடம் தப்பவில்லை.

"அம்மா, இங்க பாருங்க," என்றேன்.

திரும்பினார். என்னைத் தேடிப் பிடித்தார். அதாவது என் இடது தோளைத் தாண்டி, ஒரு முழம் அந்தப் பக்கமாகப் பார்த்துச் சிரித்தார். அதிகாரிக்கு அவர் முகத்தை நேரே பார்க்கச் சங்கடம் போலிருக்கிறது. பட்டியலில் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். தேடிவிட்டு நேரே என் கேமராவின் திரைக்குத்தான் வருவார்.

நான் ஒரு முழம் இடதுபுறம் நகர்ந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் போய் நின்றேன். அந்தக் கறுப்பு வட்டத்துக்குள் நான் மறைந்துபோன கணம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கண்ணை நகர்த்தவில்லை. நான் இருந்த இருட்டைப் பார்த்துச் சிரித்தபடியே நின்றார். பொத்தானை அழுத்தினேன்.

அதிகாரி திரையில் குனிந்தார். "நேராத்தான் பாக்கறாங்க," என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு, கொஞ்சம் நிம்மதியோடு. சிவப்புப் புள்ளியின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த பயணியைப் பார்க்கப் போனார்.

அம்மா பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார். என்னைக் கடக்கும்போது நின்று முகத்தைத் திருப்பினார். நிதானமாக, என் தோளைத் தாண்டி அந்தப் பக்கம் பார்த்தார். என் முகம் கிடைக்கும்வரை பார்த்தார்.