போலகத்தில் ஒரு கண்ணிவெடி

ராணுவத்தில் எனக்கு எல்லையில் கண்ணிவெடி அகற்றும் வேலை. ஓய்வுபெற்றுக் காரைக்கால் கோவில்பத்து வீட்டுக்கு வந்தபோது, ஏதாவது ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு உட்காரப் போகிறேன் என்று சொந்தக்காரர்கள் முடிவு செய்திருந்தார்கள். நானோ போலகத்தில் ஒரு தென்னந்தோப்பில் நடந்த அகழாய்வில் மேற்பார்வையாளராகச் சேர்ந்தேன்.

"அங்கயும் மண்ணத்தான் தோண்டுனீங்க. இங்கயும் அதானா?" என்றாள் மனைவி.

எனக்கும் அதே நினைப்புதான். தோண்டுவதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நம்பினேன்.

ஆய்வை நடத்திய அம்மையாருக்கு என் மகள் வயதிருக்கும். முதல் நாள் காலை, வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டிவிட்டு ஏதோ வேலையாக டவுனுக்குப் போனார். அவர் திரும்புவதற்குள் ஆட்களை விரட்டி, கழுத்தளவு ஆழத்தில் அருமையான பதுங்குகுழி ஒன்றை வெட்டி முடித்து, சல்யூட் அடிக்காத குறையாக நின்றேன்.

அவர் குழியைப் பார்த்தார். பக்கத்தில் குவிந்திருந்த மண்ணைப் பார்த்தார்.

"சார், இவ்வளவு ஆழம் போக ஒரு மாசம் ஆகணும்."

"நம்ம ஆளுங்க கெட்டிக்காரங்க மேடம்."

அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சில நூற்றாண்டுகளை ஒன்றாகக் கலந்து குவித்திருக்கிறேன் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அதன்பின் சின்னக் கரண்டியும் பிரஷ்ஷும் கொடுத்து என்னை ஒரு மூலையில் உட்காரவைத்தார். அடுத்த வாரம் கரண்டி நுனியில் ஏதோ தட்டியது. வட்டமான விளிம்பு. யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது: "வெடி! எல்லாரும் வெளிய போங்க. ஓடுங்க."

தோப்புக்காரர் துபாயில் கடை வைத்திருந்து திரும்பியவர். "யா அல்லாஹ், என் தோப்புல குண்டா?" என்று செருப்பை விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினார்.

காரைக்காலுக்கும் எல்லை உண்டு. ஆனால் அதைத் தாண்டி வருகிறவர்கள் பாட்டில் வாங்க வருகிறார்களே தவிர, வெடி புதைக்க அல்ல. என் புத்திக்கு இது தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை. குப்புறப் படுத்து, கரண்டியைச் சாய்த்துப் பிடித்து, விரலால் தடவித் தடவி மண்ணைத் துளித்துளியாக விலக்கினேன். சாயங்காலம் முழுசாக ஒரு பானை வெளியே வந்தது. ஒரு கீறல் இல்லை.

அம்மையார் அருகில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இப்படித்தான் சார் தோண்டணும். எங்க கத்துக்கிட்டீங்க?"

"பயத்துல மேடம்."

அவர் சிரிக்கவில்லை. மறுநாள் மற்றவர்களையும் அதேபோல் குப்புறப் படுக்கச் சொன்னார். செருப்பைத் தேடி வந்த தோப்புக்காரர் பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"உள்ள என்னங்க இருக்கு?"

"மண்ணு."

"மண்ணுக்கா என்னைய ஓட வச்சீங்க?"

இன்னமும் இதே வேலைதான் செய்கிறேன். போன மாதம் கொல்லையில் மாங்கன்று வைக்கக் குழி வெட்டச் சொன்னாள் மனைவி. ஒரு சாண் ஆழம் போவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அவள் மண்வெட்டியைப் பிடுங்கி நாலே வெட்டில் வேலையை முடித்து, கன்றை நட்டுத் தண்ணீரும் ஊற்றினாள். அவள் வெட்டிப்போட்ட மண்ணை நான் சலித்துக்கொண்டிருந்தேன்.