312-க்கும் 313-க்கும் நடுவில்

சனிக்கிழமைக்குள் சார்ட் அட்டையில் குடும்ப மரம் வரைந்து, ஆளுக்கொரு படம் ஒட்டி அனுப்பும்படி மகளின் யூகேஜி டீச்சர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். மரம் வரைவது குழந்தையின் வேலை என்றுதான் போட்டிருந்தது. நான் மூன்று முறை வரைந்தேன். முதல் மரம் முருங்கை மாதிரி இருந்தது. இரண்டாவதில் தாத்தாக்களுக்கு ஒதுக்கிய கிளை இரண்டு பேரைத் தாங்குமா என்று சந்தேகம் வந்துவிட்டது.

என் அப்பா படம் என்று சுவரில் இருப்பது, ரேஷன் கார்டில் இருந்ததை எடுத்துப் பெரிதாக்கியது. அதைப் பார்த்து மகள், "தாத்தா ஏம்மா பயந்துபோய் இருக்காரு?" என்று கேட்டாள். வேறு படம் கிடைக்குமா என்று பீரோவைத் திறந்தேன்.

பாச்சை உருண்டை வாசனைக்கு அடியில் அண்ணனின் பழைய டிஜிட்டல் கேமரா இருந்தது. ரெக்சின் உறையைப் பிரித்ததும் இன்னொரு வாசனை. சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்து பெட்டியைத் திறப்பார்களே, சோப்பும் மிட்டாயும் தைலமும் கலந்து வருமே, அது. உங்கள் தெருவிலும் வந்திருக்கும். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது அங்கே இருந்தார்; எங்கள் வீட்டில் அண்ணன்.

கேமரா வந்த வருடம் நான் டிகிரி முடித்துவிட்டுக் கீரமங்கலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இருந்தேன். ஹால் டிக்கெட் எடுத்துக் கொடுப்பது, லேமினேஷன், இருந்தால் டைப்பிங். தெருவில் எனக்குக் கம்ப்யூட்டர் தெரிந்த பெண் என்று பெயர். அந்தப் பெயர் எந்த நிமிடம் போய்விடுமோ என்ற பயத்திலேயே வேலை பார்த்தேன்.

அண்ணன் திரும்பிப் போகும் நாள் வந்தது. கேமராவும் அவனோடு போய்விடும். அதற்குள் ஒரு மாதப் படங்களை அம்மாவுக்கு எடுத்து வைக்க வேண்டும். கேமராவோடு வந்த புத்தகத்தில், முதலில் சிடியைக் கம்ப்யூட்டரில் ஏற்று, அதன் பிறகே ஒயரைச் செருகு என்று கறுப்புக் கட்டம் கட்டிப் போட்டிருந்தது. கட்டம் கட்டிச் சொன்னதை நான் மீறியதே இல்லை. சிடியைத் தேடினோம். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு எங்களைக் கொல்லைக்கு அழைத்துப் போனார். கிளி கொத்தாமல் இருக்கக் கொய்யா மரத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வெயிலில் மினுக்கிக்கொண்டு சுற்றியது.

"டெக்குல போட்டுப் பாத்தேன். பாட்டும் வரல, படமும் வரல. சும்மாதான கெடக்குன்னு கட்டுனேன்" என்றார்.

சோப்புப் போட்டுக் கழுவி, சென்டருக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். கம்ப்யூட்டர் சற்று நேரம் உறுமிவிட்டு வெளியே தள்ளிவிட்டது. கிளி விஷயத்தில் மட்டும் அது நன்றாக வேலை செய்ததாக அம்மா இன்றும் சொல்வார்.

பிறகுதான் கார்டு ரீடர் ஞாபகம் வந்தது. கேமராவின் அடிமூடியைத் திறந்தால் தபால்தலை அளவில் மெமரி கார்டு. அதை ரீடரில் செருகி, ரீடரைக் கம்ப்யூட்டரில் செருகினேன். பென் டிரைவ் மாதிரி திறந்துகொண்டது. உள்ளே ஒரு ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று, அதில் ஒன்று முதல் முந்நூற்றுப் பன்னிரண்டு வரை எண் போட்ட படங்கள். இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் இழுத்துப் போட்டால் முடிந்தது. கம்பெனி சிடி எதற்கு என்றே தெரியவில்லை.

இவ்வளவு சுலபமாக ஒன்று முடிந்தால் எனக்குப் பிடிப்பதில்லை. அதனால் செருகும் முன்பே ஒரு முன்னெச்சரிக்கை செய்திருந்தேன். கார்டின் ஓரத்தில் அரிசியளவு ஒரு தள்ளுகட்டை உண்டு. அதைக் கீழே இழுத்துவிட்டால் கார்டு பூட்டிக்கொள்ளும்; யாரும் எதையும் அழிக்க முடியாது. இழுத்துவிட்டேன். கட் கொடுக்கவில்லை, காப்பிதான் கொடுத்தேன் என்று மூன்று தடவை பார்த்தேன். இரண்டு பக்கமும் எண்ணினேன். ஒரு சிடிக்கு இரண்டு சிடியாக எழுதினேன். வாசலில் அண்ணன், "சீக்கிரம் பாப்பா, கார் நிக்குது" என்றான். கார்டைக் கேமராவில் போட்டுக் கொடுத்தேன். பெயர் தப்பித்தது என்று ஒரு டீ குடித்தேன்.

அந்த முந்நூற்றுப் பன்னிரண்டில் அப்பா இல்லை. கேமராவைத் தூக்கினாலே மோட்டார் ஓடுகிறது என்று கிளம்பிவிடுவார். ஓடாத நேரத்திலும் ஓடியது. அன்று திருச்சி ஏர்போர்ட்டுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போயிருக்கிறார். அண்ணன் உள்ளே போகும் நேரத்தில் அவராகவே சட்டையை இழுத்துவிட்டு நின்று, "ஒன்னு எடுத்துக்கடா" என்றாராம். இது அம்மா பிறகு சொன்னது. எனக்கு வந்தது ஃபோன்தான்.

"பாப்பா, கார்டு லாக்குன்னு வருது. என்ன பண்ணனும்?"

"எதையும் அமுக்காதண்ணே. எல்லாம் அழிஞ்சிரும்."

"அப்பா நிக்கிறாரு பாப்பா."

"வேணாம்ண்ணே."

அண்ணனிடம் இருந்தது பட்டன் ஃபோன், அதில் கேமரா கிடையாது. சென்டர் ஷட்டரைக் கீழே இழுக்கும்போதுதான் இன்னொன்றையும் கீழே இழுத்துவிட்டது ஞாபகம் வந்தது. கூப்பிட்டேன். ஃபோன் அணைந்திருந்தது. சிங்கப்பூரில் அவன் அறையில் இருந்தவர் நகத்தால் ஒரு தள்ளுத் தள்ளினாராம், சரியாகிவிட்டதாம்.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. கேமரா பழுது என்றே நினைத்திருந்தார். "அடுத்த தடவ எடுத்துக்கலாம்" என்றார். அடுத்த தடவை அண்ணன் வந்தபோது படத்துக்கு ஆள் இல்லை. ரேஷன் கார்டைத்தான் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனோம். புது ஃபோன் வாங்கியிருந்த அண்ணன் கேமராவை இங்கேயே வைத்துவிட்டுப் போனான்.

நேற்று புதுக்கோட்டைக்குப் போய் ஒரு கார்டு ரீடர் வாங்கி வந்தேன். இப்போதைய மடிக்கணினியில் சிடி போடும் இடமே கிடையாது. என் ஃபோனில் மகளின் படங்கள் எடுத்த கையோடு தானாகவே எங்கோ மேலே போய்ச் சேர்ந்துவிடுகின்றன; யாரும் இழுத்துப் போட வேண்டாம். தள்ளுகட்டையும் இல்லை. அது எனக்கு நிம்மதியா கவலையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. சார்ட்டில் பயந்த தாத்தாவையே ஒட்டி அனுப்பினேன். டீச்சர் ஸ்டார் போட்டிருக்கிறார்.

கார்டைச் செருகும் முன் கட்டையைக் கீழே இழுத்தேன். பழக்கம். படங்கள் வரிசையாக வந்தன. 312-இல் அம்மா வாசலில் அண்ணனின் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். 313-இல் சிங்கப்பூர் அறையின் இரண்டடுக்குக் கட்டில், அதன் கம்பியில் காயும் ஒரு கைலி. நடுவில் எண் எதுவும் விடுபடவில்லை.