ஒரே பிபெட்

மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் பள்ளிக்கூடப் பை விற்கும் முதாசிரிடம் நேரிலேயே போய்க் கேளுங்கள். நான் ஒரு சொல்லைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை என்பான். கையில் டீ கிளாஸோடு மட்டும் போகாதீர்கள். பேச்சை நிறுத்திவிடுவான்.

2004-ல் அவன் பி.எஸ்சி. முதல் வருடம். எச்சில் என்றால் அவனுக்கு ஆகவே ஆகாது. யாராவது வாய் வைத்துக் குடித்துவிட்டால் அந்த வாட்டர் பாட்டிலையே தூக்கி எறிந்துவிடுவான். அப்படிப்பட்ட மகாராஜனுக்கு வாய்த்தது கெமிஸ்ட்ரி லேப். அங்கே பிபெட் என்று ஒரு நீளமான கண்ணாடிக் குழாய் உண்டு. ஒரு முனையைத் திரவத்தில் விட்டு, மறு முனையில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். திரவம் குறியைத் தாண்டியதும் சட்டென்று விரலால் மூட வேண்டும். வகுப்பில் எல்லார் வாயும் பட்ட குழாய் அது. முதாசிர் அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, கர்சீப்பால் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டுதான் வாயில் வைப்பான்.

செமஸ்டர் நேரத்தில் அம்மை வந்து படுத்துவிட்டான். விட்டுப்போன டைட்ரேஷன் சோதனையைச் செய்து, ஒன்றுபோல இரண்டு ரீடிங் காட்டினால்தான் பிராக்டிகல் பரீட்சைக்குள் விடுவேன் என்று லேப் பொறுப்பிலிருந்த அபிதகுஜாம்பாள் மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் அரியர். அவன் வகுப்பில், பெருங்களத்தூரிலிருந்து வரும் ஸஹானாவும் அதே டைட்ரேஷனை விட்டிருந்தாள். பரீட்சைக்கு முந்தின நாள் மதியம் இருவரையும் லேபுக்கு வரச் சொல்லியிருந்தார்.

அது ரமலான் மாதம். வெளியே விடாத மழை. லேப் அட்டெண்டர் ஏசுபாதம் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்தில் எல்லாம் எடுத்து வைத்திருந்தார். பிபெட் மட்டும் ஒன்றுதான்.

"மத்ததெல்லாம் எக்ஸாமுக்குக் கழுவிப் பூட்டியாச்சுப்பா. இதான் கீது. ரெண்டு பேரும் இதையே வெச்சிக்கினு முடிங்க."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மேடம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். ஸஹானாவைக் காணோம். நல்லதாகப் போயிற்று, எச்சில் பங்கு இல்லை என்று முதாசிர் சந்தோஷப்பட்டான். அற்பச் சந்தோஷம்.

குழாயைக் கழுவினான். துடைத்தான். இரும்பு உப்புக் கரைசலை உறிஞ்சிக் குடுவையில் விட்டான். பிபெட்டை மேசையில் வைத்துவிட்டு, குடுவைக்கு மேலே மாட்டியிருந்த பியூரெட் குழாயைத் திறந்தான். ஊதாத் திரவம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. குடுவை லேசான ரோஸ் நிறமானதும் மூடி, ரீடிங்கைக் குறித்துக்கொண்டான்.

மறுபடி பிபெட்டை எடுத்தான். வாய் வைக்கும் முனை ஈரமாக இருந்தது.

கழுவின தண்ணீராக இருக்கும் என்று துடைத்தான். கர்சீப்பில் நூலாக இழுத்தது. தண்ணீர் அப்படி இழுக்காது. தன் வாயைத் தொட்டுப் பார்த்தான். விடியற்காலையிலிருந்து நோன்பு. உதடு வறண்டு வெடித்திருந்தது. துப்பக்கூட வாயில் எச்சில் இல்லை.

பிறகு இது யாருடையது?

மறுபடி கழுவினான். உறிஞ்சினான். விரலால் மூடினான். விரல் வழுக்கியது... திரவம் நிற்காமல் இறங்கியது. முனை மறுபடி ஈரம். இப்போது வெதுவெதுப்பாகவும் இருந்தது. ரீடிங் எங்கேயோ போயிற்று. இரண்டும் ஒத்து வரவில்லை.

அரியர் பயம் ஒரு பக்கம். அருவருப்பு ஒரு பக்கம்.

அப்போதுதான் பக்கத்து இடத்தைப் பார்த்தான். ஸஹானாவின் காலிக் குடுவை... காலியாக இல்லை. லேசான ரோஸ் நிறத்தில் ஏதோ இருந்தது.

சர்ர்... என்று உறிஞ்சும் சத்தம். காதுக்குப் பக்கத்தில்.

திரும்பினான். யாரும் இல்லை.

பிபெட் அவன் வைத்த இடத்தில்தான் கிடந்தது. முனையில் எச்சில் நுரை.

ஓடியிருக்கலாம். ஒரே ஒரு ரீடிங் ஒத்து வந்தால் போதும் என்று அந்தப் பைத்தியக்காரன் நின்றான். அழுத்தித் துடைத்தான். வாயில் வைத்தான். உறிஞ்சினான்.

வாய் நிறைந்தது.

இரும்புச் சுவை இல்லை. புளித்த தயிர். கொழகொழவென்று... நடுவில் ஒரு சோற்றுப் பருக்கை.

துப்புவதற்குள் தொண்டையில் இறங்கிவிட்டது.

தொட்டியில் குனிந்து குடலே வெளியே வரும்படி வாந்தி எடுத்தான். எவ்வளவு கொப்பளித்தும் அந்தப் புளிப்பு போகவில்லை. அழுதுகொண்டே வந்து, வேறு வழியில்லாமல் இன்னும் இரண்டு முறை செய்தான். இரண்டும் அச்சாக ஒத்து வந்தன. மேடத்தின் மேசைக்குப் போய் ரீடிங்கைக் காட்டினான். மேடம் தலையாட்டி அனுப்பினார்.

மறுநாள் காலை, பரீட்சை தொடங்கும் முன் மேடம் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்பா, ரெண்டு பேரும் ஒரே பிபெட்டை மாத்தி மாத்தி வாயில வெச்சீங்களே, நீயாவது கழுவினே, அவ ஒரு தடவை கழுவக் கூடாதா? பார்க்கவே குமட்டிச்சு."

ரெண்டு பேரா என்று முதாசிர் கேட்டான்.

"ஸஹானாதான். உன்னை ஒட்டிதானே நின்னா? நீ உறிஞ்சி வெச்சதும் அவ எடுத்தா. அவ வெச்சதும் நீ எடுத்தே."

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஆபீஸ் கிளார்க் தசரதன் உள்ளே வந்தார். முந்தின நாள் காலை பெருங்களத்தூரில் தண்டவாளத்தைத் தாண்டும்போது ஸஹானா ரயிலில் அடிபட்டு அங்கேயே போய்விட்டாளாம். கையில் அடையாள அட்டை இல்லாததால் வீட்டுக்கு ராத்திரிதான் தெரிந்ததாம்.

மேடம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஆனால் வெளியூர் எக்ஸாமினர் காத்திருந்தார். பரீட்சை நிற்கவில்லை.

முதாசிர் தன் இடத்துக்குப் போனான். புதுப் பிபெட், உலர்ந்த முனை. கரைசலில் விட்டான். குனிந்தான். உதடு படுவதற்கு இன்னும் ஓர் அங்குலம் இருந்தது.

சர்ர்...

திரவம் குறியைத் தாண்டி ஏறி, அப்படியே நின்றது. அவன் விரல் வைப்பதற்காகக் காத்திருந்தது.

முதாசிர் பிபெட்டை விட்டுவிட்டு வெளியே நடந்தான். அந்தப் பேப்பர் இன்றுவரை அவனுக்கு அரியர்தான்.