நான் கட் சொல்லாத ஷாட்

இரண்டு வருடம் இருக்கும். ஓசூரை ஒட்டிய மத்திகிரியில், வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடுகிற லைன் வீடு ஒன்றில் நானும் என் சிநேகிதனும் குடியிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு செல்போன், துடைப்பக் கட்டையில் கட்டிய செல்ஃபி ஸ்டிக், வெளிச்சத்தைத் திருப்ப யார் வீட்டு வாஷிங் மெஷினோடோ வந்த தெர்மோகோல், இவ்வளவையும் வைத்துக்கொண்டு தமிழ் சினிமாவைத் திருத்திவிடுவது என்று கிளம்பினோம். அன்று சாயங்காலம் நாங்கள் நின்ற கோலத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. 

நான் கோவில்பட்டிப் பக்கம். ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் வேலை. சிநேகிதன் சிங்காரப்பேட்டைக்காரன், அதே கம்பெனியில் அசெம்பிளி லைனில் கான்ட்ராக்ட் தொழிலாளி. கான்ட்ராக்ட் என்றால் என்னவென்று இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு நாள் காலையில் கேட்டில் கார்டைக் காட்டினால் பச்சை விளக்கு எரியாது. அவ்வளவுதான், வீட்டுக்குப் போய்விட வேண்டும். பர்மனென்ட் ஆகிவிட்டால் அந்தப் பயம் இல்லை. அவன் பர்மனென்டுக்காக வருடக்கணக்கில் காத்துக்கொண்டிருந்தான். அவனைவிட அதிகமாக அவன் அம்மா காத்துக்கொண்டிருந்தார்.

இதைத்தான் கதையாக எழுதினேன். ஒரு பையன் அம்மாவின் மனசு குளிரட்டும் என்று, பர்மனென்ட் ஆகிவிட்டதாகப் போனில் பொய் சொல்கிறான். பிறகு கம்பெனி அவனை நிறுத்திவிடுகிறது. கடைசி ஷாட்டில் பூட்டிய கேட். சோகமாக முடித்தால்தான் குறும்பட விழாக்களில் மதிப்பு என்று யூடியூபில் நாலைந்து பேர் அடித்துச் சொல்லியிருந்தார்கள். ஹீரோ என் சிநேகிதனேதான். தேடிப் பிடிக்க வேண்டியதில்லை, சம்பளமும் கேட்க மாட்டான். கேமராமேன் அடுத்த அறைக்காரர். வேறு கம்பெனி. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், எங்களோடு தமிழ். பயந்துவிட்டால் மட்டும் கன்னடம் தானாக வந்துவிடும். மூன்று பேருக்கும் மூன்று ஷிஃப்ட். ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலை இல்லாமல் ஒரே நாளில் மூவருக்கும் லீவு கிடைப்பதே பெரும்பாடு. அன்றைக்கு அமைந்ததே எங்கள் அதிர்ஷ்டம் என்று நினைத்தோம்.

ஷூட்டிங் ஆரம்பித்ததும் சத்தம் எங்களைப் படுத்தி எடுத்துவிட்டது. ஹீரோ உருகி வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடிக்கும். அது அடங்கினால் கால்நடைப் பண்ணைப் பக்கமிருந்து ஒரு காளை குரல் கொடுக்கும். வீட்டுக்கார அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ஏமப்பா, சினிமான்றீங்க, டான்ஸ் லேதா?" என்று, டான்ஸ் இல்லையா என்பதைத் தெலுங்கு கலந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தார்.

போதாததற்கு ஹீரோவிடம் ஒரு கெட்ட பழக்கம். வசனம் கொஞ்சம் பிசகினாலும் தானே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து இளிப்பான். ஒரு கட்டத்தில் எனக்குத் தாங்கவில்லை.

"ஏலே, லைன்ல நீயா நிறுத்துவியா? சூப்பர்வைசர் சொன்னாத்தானல நிறுத்துவ? இங்க நான்தான் சூப்பர்வைசர். நான் கட் சொல்லாம வீடே இடிஞ்சு விழுந்தாலும் நிறுத்தப்பிடாது!"

அசெம்பிளி லைனில் வேலை பார்ப்பவனுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. லைன் நின்றால் யார் நிறுத்தியது என்று ஊரே கூடிவிடும். அவன் முகம் சட்டென்று மாறியது. "செரி வுடு. இனிமே நிறுத்த மாட்டேன்" என்றான். அந்த வார்த்தையை அவன் காப்பாற்றியதுதான் வினையாகப் போயிற்று.

அடுத்தது முக்கியமான போன் காட்சி. ஹீரோ போனை எடுத்து 'அம்மா' என்ற பெயரை அழுத்துவதை நெருக்கமாகக் காட்ட வேண்டும். அதற்காகக் கேமராமேனின் பழைய போன் ஒன்றில் என் எண்ணையே 'அம்மா' என்று சேமித்து வைத்திருந்தேன். என் போன் சைலன்டில் இருந்தது. அம்மாவின் குரலைப் பிறகு யாரையாவது பேச வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது திட்டம். ஷாட்டுக்குத் தயாரானபோது அந்தப் பழைய போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. ஹீரோ சாதாரணமாக, "என் போன்லயும் அம்மான்னுதான் இருக்குது, இதுலயே எடுக்கலாம்" என்று பாக்கெட்டிலிருந்து தன் போனை எடுத்தான். நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டினோம். அந்தப் பெயருக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு அம்மா இருக்கிறார் என்பது மூன்று மண்டைகளில் ஒரு மண்டைக்கும் உறைக்கவில்லை.

ஆக்‌ஷன் சொன்னேன். அவன் 'அம்மா'வை அழுத்தினான். ஸ்கிரிப்டில் இருந்தபடி ஸ்பீக்கரையும் போட்டான். ரிங் போகிற சத்தம் கேட்டதும், அடடா, எவ்வளவு இயல்பாக இருக்கிறது என்று நான் பூரித்துப் போனேன். எதிர்முனையில், "சொல்லு சாமி, சாப்டியா?" என்று ஒரு குரல்.

ஹீரோவின் கண் பிதுங்கியது. கேமராவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அந்த முகத்தில் பயமும் பாசமும் குற்ற உணர்ச்சியும் ஒன்றாக வந்து நின்றன. காலையிலிருந்து நான் தலைகீழாக நின்று கேட்டும் வராத நடிப்பு! யாரோ ரகசியமாக ஏற்பாடு செய்து குரல் கொடுக்க வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். கையைச் சுழற்றி, போ, போ, நிறுத்தாதே என்று ஜாடை காட்டினேன். சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அவன் எச்சிலை விழுங்கிவிட்டு வசனத்தைச் சொன்னான்.

"அம்மா... என்னைய பர்மனென்ட் பண்ணிட்டாங்கம்மா."

 அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கத்தல். "அய்யோ என் சாமீ! நெசமாவா? இனிமே நாளைக்கி வராதன்னு உன்னைய எவனும் சொல்ல முடியாதில்ல?" அழுகையும் சிரிப்பும் கலந்த குரல். கூடவே, "ஏ அக்கா, இங்க ஓடியா!" என்று யாரையோ கூப்பிடுகிற சத்தம். லைன் கட்டாகிவிட்டது.

கேமராமேன், "ஏன் மாடோது சார், ஏன் மாடோது?" என்றார். என்ன செய்வது என்று கேட்கிறார். அந்தக் கன்னடம் வந்த பிறகுதான் நடந்தது எனக்குப் புரிந்தது.

"ஏன்டா சொன்ன?" என்றேன்.

"நீதான கட் சொல்லல?" என்றான். 

திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். முதலில் பிஸி. அந்த அம்மா சொந்தபந்தம் எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் ரிங் போனது, எடுக்க ஆளில்லை. அதற்குள் அவர்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வாழ்த்துகள் குவிய ஆரம்பித்தன. ஒரு சித்தப்பா பட்டாசு வெடிக்கிற வீடியோவே அனுப்பிவிட்டார். "குரூப்ல உண்மையைப் போட்டுரு" என்றேன். அவன் கிட்டத்தட்ட அழுதுவிட்டான். "ஊருக்கெல்லாம் சொல்லி முடிச்சிருக்கும். குரூப்ல போட்டா எங்கம்மா தலைநிமிந்து தெருவுல நடக்குமா? மொதல்ல நான் நேர்ல போயி சொல்லோணும்."

அப்படியே பஸ் ஏறினோம். கிருஷ்ணகிரி, அங்கிருந்து ஊத்தங்கரை, பிறகு சிங்காரப்பேட்டை. வழியெல்லாம் அவன் அந்த வாட்ஸ்அப் வாழ்த்துகளையே பார்த்துக்கொண்டு வந்தான். நான் என்னென்னவோ சமாதானம் சொல்லிப் பார்த்தேன். கேமராமேன் தெர்மோகோலைக்கூட வைத்துவிட்டு வர மறந்து, அதை மடியில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

தெருமுனையிலேயே தெருக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் அவன் கையைக் குலுக்கினார். ஒரு பெரியவர் தோளில் கை போட்டு, "என் பையன் ஐ.டி.ஐ. முடிச்சிட்டு சும்மாத்தான் கெடக்கறான், நீ பாத்து உள்ள இழுத்துவுடு மாப்ள" என்றார். வீட்டு வாசலில் ஒரு கிடா கட்டியிருந்தது. கழுத்தில் மாலை. நடக்கப் போவது தெரியாமல் அது தன் மாலையையே நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

உள்ளேயிருந்து அம்மா வந்தார். தலையில் சந்தனம் பூசிய மொட்டை.

மகன் பர்மனென்ட் ஆனால் குலதெய்வத்துக்குத் தன் முடியைக் கொடுத்து கிடா வெட்டுவதாக வேண்டுதல். போன் வந்த சூட்டோடு, தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய் முதல் பாதியை முடித்துவிட்டு வந்திருந்தார். அவன் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டான். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடியாம். பள்ளிக்கூடம் போகும் நாளில் அந்தப் பின்னலைப் பிடித்துக்கொண்டுதான் சந்தையில் நடப்பானாம். பிறகு சொன்னான்.

அவனை உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தோம். கதவைச் சாத்திவிட்டு நான்தான் சொன்னேன்.  அவருக்குப் புரியவில்லை. "அவன் வாயாலதான கண்ணு சொன்னான்?" என்றார். வேறு வழியில்லாமல் எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன்.

குனிந்து பார்த்தார். தன் குரலைக் கேட்டதும், "நானா இப்டி கத்துனேன்?" என்றார். மறுபடி போடச் சொன்னார். இரண்டாவது தடவை குரலைக் கவனிக்கவில்லை, படத்திலிருந்த மகன் முகத்தையே பார்த்தார். முடிந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். நான் அடி விழும் என்றே எதிர்பார்த்தேன்.

"அறிவிருக்குதா உனக்கு? படிச்ச புள்ளதான நீ?" என்று ஆரம்பித்து நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினார். மூச்சு வாங்கியதும் மகனைப் பார்த்தார். "எந்திரிடா. முடி போனா மொளைக்காதா? சாமிக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. வாங்கிக்கினு சும்மா இருந்துடுமா அது? கிடாயை மட்டும் அவுத்து வுடு. பர்மனென்ட் ஆர்டர் கைக்கு வரட்டும், அப்புறம் பாக்கி."

அவன் சிரித்தான், அழுதான், இரண்டும் ஒன்றாக வந்தது. எனக்கும்தான்.

சோறு போட்டார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடும்போது கேட்டார்: "செரி, அந்தக் கதையில அப்புறம் என்ன ஆவுது?"

பூட்டிய கேட் வரைக்கும் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"ஏன், அவனைப் பர்மனென்ட் ஆக்கினா ஆவாதா?"

"அப்படி முடிச்சா நிஜம் மாதிரி இருக்காதும்மா."

"நெசத்தை நாங்க தெனம் பாக்கறம். அதைப் பாக்க உன் சினிமாவுக்கு வேற வரோணுமா?" குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார். "வெளிய கம்பெனிக்காரன் கையில இருக்குது. கதை உன் கையிலதான கண்ணு இருக்குது? ஆக்கிவுட்டா உன் கை தேஞ்சா பூடும்?"

யூடியூபில் பார்த்த ஒரு வீடியோவிலும் இதற்குப் பதில் இல்லை.

தெருக்காரர்களை அவரே சமாளித்தார். "ஆர்டர் இன்னும் வரல. என் பையன் சினிமாவுல நடிக்கிறான், அந்தக் கூத்துல நடந்துபோச்சு" என்று நேராகச் சொல்லிவிட்டார். யாராவது சிரிப்பார்கள் என்று நான் பயந்தேன். தோளில் கை போட்ட அதே பெரியவர் என்னை ஓரமாகக் கூட்டிப் போய், "என் பையன் ஐ.டி.ஐ., சும்மாத்தான் கெடக்கறான். ஒரு வேசம் இருந்தா பாருங்க சார்" என்றார்.

முடிவை மாற்றி எடுத்தோம். ஆர்டரைக் கொடுக்கிற அதிகாரியாக நானே நடித்தேன், கேவலமாக நடித்தேன். போன் காட்சியில் அம்மாவின் குரலை அவர் சம்மதத்தோடு அப்படியே வைத்தோம். லைன் வீட்டு மொட்டை மாடியில் வேட்டியைக் கட்டி, சாயங்காலம் இருட்டியதும் படத்தைப் போட்டோம். வந்தவர்கள் பெரும்பாலும் கான்ட்ராக்ட் பையன்கள். 'நாளைக்கி வராதன்னு உன்னைய எவனும் சொல்ல முடியாதில்ல' என்ற குரல் வந்தபோது, செல்போனை நோண்டிக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். கடைசியில் ஹீரோ ஆர்டரை வாங்கியபோது அடித்த விசிலில் வீட்டுக்கார அம்மாவே மேலே ஓடி வந்துவிட்டார். அந்த இடத்தை மட்டும் திரும்பப் போடச் சொல்லி மூன்று தடவை பார்த்தார்கள். அவர்களுக்கு நடுவில், குட்டையாக வளர ஆரம்பித்திருந்த தலையைத் தடவிக்கொண்டு அந்த அம்மாவும் உட்கார்ந்திருந்தார்.

விழாக்களுக்கு அனுப்பினோம். எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு இடத்திலிருந்து மட்டும், முடிவு யதார்த்தமாக இல்லை என்று பதில் வந்தது. அந்த அம்மாவிடம் போனில் சொன்னேன். "அவங்களுக்கெல்லாம் பர்மனென்ட் வேலையா இருக்கும் கண்ணு" என்றார்.

சிநேகிதன் இன்னும் கான்ட்ராக்ட்தான். இப்போது இருவருக்கும் ஒரே ஷிஃப்ட். ஒவ்வொரு காலையும் அவன் கார்டுக்குப் பச்சை விளக்கு எரிகிறதா என்று அவனுக்குப் பின்னால் நின்று நானும் பார்க்கிறேன். அதை எரிய வைக்க என்னால் முடியாது. ஆனால் அடுத்த கதையை எழுத உட்கார்ந்து, யாரோ ஒருவனின் வேலையைப் பறிக்கப் போகும்போதெல்லாம், சந்தனம் காயாத தலையோடு எனக்குக் குழம்பு ஊற்றிய அந்த அம்மா முன்னால் வந்து நிற்கிறார், என் கை நின்றுவிடுகிறது.