தண்ணீர் படாத மணிக்கூடு

நேற்று சிட்னியில், நார்த்மீட்டில் ஒரு கராஜுக்குள் வைத்து அப்பாவின் மணிக்கூட்டைத் திறந்தோம்.

திறந்தவர் செந்தில். தமிழ்நாட்டுக்காரர். கிழமை நாட்களில் ஐடி வேலை, சனி ஞாயிறில் பழைய கைமணிக்கூடுகளோடு குடும்பம் நடத்துகிறார். (அவருடைய மனைவிக்கு இதில் மனவருத்தம் இல்லையாம். எங்கள் வீட்டில் நான் ரிமோட்டில் பற்றரி மாற்றவே ஒருவர் பக்கத்தில் நிற்பார்.)

திருத்தச் சொன்னது என் மகள். "ஐ வோன்ட் டு வெயர் இட், அப்பா" என்றாள்.

அதன் கதை இதுதான்.

சுனாமி வந்த காலையில் அப்பா கரைக்கு மீன் வாங்கப் போனவர். திரும்பவில்லை. வீடு மேட்டில் இருந்ததால் அம்மா தப்பினா.

நான் கொழும்பிலிருந்து போய்ச் சேர்வதற்குள் சித்தப்பா ஒரு உடலை அடையாளம் காட்டி முடித்திருந்தார். முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள்.

"பாக்காதை தம்பி. முகமில்லை. கையில இது கிடந்தது" என்று மணிக்கூட்டை என் கையில் வைத்தார். அது நின்றுபோயிருந்தது.

நான் கொள்ளி வைத்தேன்.

கடல் நிறுத்திய மணிக்கூடு என்று அதைத் துணியில் சுற்றி, இங்கே கிரவீன் வீடு வரை கொண்டுவந்து, மேசை லாச்சிக்குள் வைத்திருந்தோம்.

செந்திலிடமும் அதைத்தான் சொன்னேன். "தம்பி, இது கடலுக்குள்ள கிடந்தது. உப்புத் தண்ணி பட்டு உள்ளுக்கு ஒரே கறளாத்தான் இருக்கும். எதை மாத்தினாலும் முகத்தை மட்டும் மாத்திப்போடாதேங்கோ."

அவர் பின்மூடியைக் கழற்றினார். கண்ணில் ஒரு லென்ஸை மாட்டிக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

"அண்ணா, எல்லாமே ஒரிஜினல்தான். டயல்ல இருக்கிற புள்ளியும் முள்ளுல இருக்கிற பூச்சும் ஒரே மாதிரி மஞ்சளாயிருக்கு பாருங்க. ஒண்ணை மாத்தியிருந்தா நிறம் ஒத்துப்போகாது. ஸ்க்ரூ தலைக்குக் கம்பெனியில ஏத்தின நீலம் கூட அப்படியே இருக்கு."

எனக்குப் பெருமையாக இருந்தது. (நானே செய்த மணிக்கூடு மாதிரித் தலையை ஆட்டினேன்.)

"ஆனா கடல்ல கிடந்ததுன்னு சொன்னீங்க. எவ்ளோ நேரம்?"

"ரெண்டு நாள்."

"சான்ஸே இல்லண்ணா. இது வாட்டர்ப்ரூஃப் கிடையாது. உப்புத் தண்ணி உள்ள போயிருந்தா இந்த நீலம் எப்படி மிஞ்சும்? இதுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போகல."

"அப்ப ஏன் நிண்டது?"

"சாவி குடுத்துப் பாத்தீங்களா?"

இல்லை.

இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை. செத்தவருடைய மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்துப் பார்க்க எங்கள் வீட்டில் யாருக்கும் கை வரவில்லை.

செந்தில் மெல்ல நாலு சுற்றுச் சுற்றினார். நொடி முள் கொஞ்ச தூரம் ஓடி நின்றது.

"எண்ணெய் காஞ்சிருக்கு. அவ்ளோதாண்ணா. சுத்தம் பண்ணா ஓடும்" என்றார். பாவம், நல்ல செய்தி சொல்கிற சந்தோஷம் அவருக்கு.

மணிக்கூட்டை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். காரை எடுக்கக் கனநேரமானது.

வீட்டில் அம்மா குசினியில் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தா. மறுநாள், ஞாயிறு, அப்பாவின் திவசம். கடையில் ஃப்ரீசரில் விறைத்த இலை வாங்கி, இளகப் பரத்தி வைப்பது வருடா வருடம் என் பொறுப்பு. (வேறு எதற்கும் வீட்டில் என்னை நம்புவதில்லை.) எப்போதும் இரண்டு இலை. ஒன்று அப்பாவுக்கு, மற்றது அப்பப்பாவுக்கு என்று நான் நினைத்திருந்தேன். கேட்டதில்லை.

"அம்மா, மணிக்கூட்டுக்குள்ள தண்ணியே போகேல்லையாம்."

அம்மா துடைப்பதை நிறுத்தவில்லை.

"எப்பிடிப் போகும்? மீன் வாங்கப் போகேக்கை அப்பா அதைக் கட்டுறேல்லை. செதில் தெறிக்குமெண்டு கழட்டி அலுமாரிக்குள்ள வைச்சிட்டுத்தான் போறவர்."

"அப்ப சித்தப்பா..."

"ரெண்டு நாள் தேடினவன். பேந்து வந்து அலுமாரியைத் திறந்து அதை எடுத்தவன். நான் நித்திரையெண்டு நினைச்சிட்டான்."

"ஏனம்மா ஒண்டும் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்ல? நீ வந்து, கரையில கிடந்த ஒவ்வொண்டையும் பிரட்டிப் பிரட்டிப் பாத்துக்கொண்டு திரிவாய். அதைப் பாக்க எனக்கும் ஏலாது, அவனுக்கும் ஏலாது. அவனிட்டை இதைக் கேட்டுப்போடாதை."

"அப்ப நான் கொள்ளி வைச்சது ஆருக்கு?"

"தெரியாது. இடது குதிக்காலில பெரிய தழும்பு இருந்தது. அப்பாவுக்கு அப்பிடி இல்லை."

துடைத்த இலையை என்னிடம் நீட்டினா.

"மற்ற இலை ஆருக்கெண்டு நினைச்சுக்கொண்டிருந்தனீ?"

அப்பா எங்கே என்று இப்போது எங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்கு என்றைக்குமே தெரிந்திருக்கவில்லை.

வழக்கமாக என் பதிவை வாசித்துச் சிரித்துவிட்டுப் போவீர்கள். இதைத் தயவுசெய்து பகிருங்கள்.

அந்த மார்கழியில், எங்கள் வடக்குக் கரையில், இடது குதிக்காலில் பெரிய தழும்புள்ள ஒருவரைத் தேடிக் கிடைக்காமல் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அவர் தனியே போகவில்லை. மகன் முறையில் கொள்ளி வைத்தேன். அம்மா இன்றுவரை இலை போடுகிறா.

அவருடைய பெயரை மட்டும் எங்களுக்குச் சொல்லுங்கள்.