பாடு நாளில் ஏறிய எண்

எனக்குச் சும்மா இருக்க வராது. புது ஃபோன் வரப்போகிறது என்று செய்தி வந்தால் அது கடைக்கு வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது. அப்டேட் வந்திருப்பதாகத் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தால் போதும், சாப்பாட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து அதை அழுத்திய பிறகுதான் அடுத்த கவளம். காலையில் மீஞ்சூர் ஸ்டேஷனில் பைக்கை நிறுத்திவிட்டுச் சென்னை ரயில் ஏறுவேன். உட்கார இடம் கிடைக்கிறதோ இல்லையோ, ஃபோன் கைக்கு வந்துவிடும். கொஞ்ச நேரம் சாஃப்ட்வேர் செய்தி, மிச்ச நேரம் ஆன்லைன் கேம். வேலை செல்ஃபோன் சர்வீஸ் கடையில் என்பதால் இதையெல்லாம் தொழில் என்று சொல்லிச் சமாளித்துவந்தேன். வீட்டில் யாரும் அதை நம்பவில்லை.

வீடு பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன், இறால் வலைக்காரர். போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். மெதுவாக நடக்கலாம், ஏரியில் மட்டும் இறங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மறு வாரமே நான் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி நைனா கையில் கட்டினேன். அவருடைய நாடித்துடிப்பு, நடந்த நடை, தூங்கிய தூக்கம் எல்லாம் அவர் ஃபோன் வழியாக என் ஃபோனுக்கு வந்துவிடும். துடிப்பு அளவுக்கு மீறினால் அலாரம் அடிக்கும். நான் எத்தனையோ கருவிகளைப் பிரித்துப் பார்த்தவன். ஒரு கருவியை மனதாரக் கும்பிட்டது அப்போதுதான்.

"இன்னாடா இது, மாட்டுக்குக் கவுறு கட்ற மாதிரி" என்றார் நைனா. ஆனாலும் கட்டிக்கொண்டார்.

ரயிலில் எனக்குப் புதிதாக ஒரு வேலை சேர்ந்தது. கேம் நடுவில்கூட அந்த எண்ணைப் பார்ப்பேன். எழுபதுக்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி, எண்பதுக்கு ஏறினால் அது இறங்கும்வரை கேமை மறந்துவிடுவேன். என்னோடு அணி சேர்ந்து ஆடும் முகம் தெரியாத பையன்கள், எதிரி சுடும்போது எங்கே பார்க்கிறாய் என்று ஹெட்ஃபோனில் கத்துவார்கள். என் நைனாவின் இதயத்தைப் பார்க்கிறேன் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது.

சில மாதங்களில் அந்த வாட்ச் என்னைக் குழப்ப ஆரம்பித்தது. நைனா பெரும்பாலும் கட்டிலில் படுத்திருப்பார், அல்லது படகுத்துறை நிழலில் போய் உட்காருவார். நடை எண்ணிக்கை சொற்பமாகத்தான் இருக்கும். ஆனால் இடையிடையே ஒரு நாள் அது எங்கேயோ போய் நிற்கும். நான் கிளம்பியதிலிருந்தே நடக்கிறார், குனிகிறார், நிமிர்கிறார், மதியம் கண் மூடவே இல்லை. துடிப்போ அன்றைக்குத்தான் இளவட்டம் கணக்காக ஒழுங்காக இருக்கிறது. புது அப்டேட்டில் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டினேன். இணைய மன்றத்தில் அந்தக் கம்பெனியைத் திட்டி நீளமாக ஒரு பதிவு போட்டேன். யாரோ ஒருவர் கீழே, "வேறு யாராவது கட்டிக்கொள்கிறார்களா என்று பாருங்கள்" என்று எழுதினார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பதினைந்து வருஷமாக இந்தத் துறையில் இருப்பவனுக்கு வாட்ச் கட்டச் சொல்லித்தர வேண்டாம் என்று பதில் போட்டேன்.

இந்த இடத்தில் பாடு என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். ஏரியின் முகத்துவாரத்தை ஒட்டி நல்ல இறால் விழும் இடங்கள் சில உண்டு. எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. ஊரில் சீட்டுப் போட்டு, குடும்பத்துக்கு ஒரு முறை என்று சுற்றி வரும். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. எங்கள் ஊர் வழக்கத்தில் நம் பாடு வரும் நாளில் நம் வீட்டு ஆண் ஒருவன் தண்ணீரில் நிற்க வேண்டும். கூலிக்கு ஆள் வைக்க முடியாது. தொடர்ந்து நிற்காவிட்டால் குடும்பத்தின் பெயர் பாடு முறையிலிருந்து போய்விடும். நைனாவுக்கு முடியாமல் போன பிறகு நம் பாடு நாளில் யார் இறங்குகிறார்கள் என்று அம்மாவைக் கேட்டேன். சித்தப்பா பார்த்துக்கொள்கிறார் என்றாள். சரி என்று ஃபோனுக்குத் திரும்பிவிட்டேன். சித்தப்பா தனிக் குடும்பம், அவருக்குத் தனிப் பாடு, அவர் எங்களுக்காக இறங்க முடியாது. இது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும்.

ஒரு வாடைக் காற்று நாள். ரயில் எண்ணூரைத் தாண்டியிருந்தது. கேமில் கடைசி வட்டம், எங்கள் அணியில் நான் ஒருவன்தான் மிச்சம். அலாரம் அடித்தது. எண் நூற்று நாற்பதில் நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஏறியது. ஹெட்ஃபோனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நைனா ஃபோனுக்கு அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது. திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. இருக்கும் இடம் படகுத்துறை என்று வரைபடம் காட்டியது. நிழலில் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அடுத்த ஸ்டேஷனில் குதித்து எதிர் ரயில் பிடித்தேன். மீஞ்சூரிலிருந்து பைக்கை எப்படி ஓட்டினேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் எண்ணைப் பார்த்தேன். அது இறங்கவே இல்லை. இறங்கினால் என்ன அர்த்தம் என்ற பயமும் இருந்தது.

படகுத்துறையில் நைனா இல்லை. அம்மா நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் சொருகிய பையில் நைனாவின் ஃபோன், கையில் என் வாட்ச். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் பார்த்த திக்கில் நானும் பார்த்தேன். காற்றில் ஏரி கலங்கிக் கிடந்தது. நாலைந்து பேர் நெஞ்சளவுத் தண்ணீரில் வலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் நைனா.

"ஒரு தபா தண்ணிக்குள்ள பூட்டாரு. அப்பறம் மேல வந்தாரு" என்றாள் அம்மா.

"ஏம்மா ஃபோன எடுக்கல?"

"எட்த்தா இன்னானு சொல்றது."

"என்கிட்ட ஏன் மறைச்ச? டாக்டர் இன்னா சொன்னாரு?"

அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "ஊட்டுக்கு ஒரு ஆம்பள நிக்கணும்ல. நீ ரயில்ல கீற. அவரு போறேன்னாரு. கடியாரத்த நான் கட்டிகினேன், நீயாவது பேஜார் இல்லாம வேலய பாருனு."

பாடு நாட்களில் நான் பார்த்து நிம்மதியடைந்த ஒழுங்கான துடிப்பு அம்மாவுடையது. வீடு பெருக்கி, நண்டு கழுவி, கரைக்கு நடந்த நடையும் அவளுடையது. அன்று காலை நூற்று நாற்பதில் ஏறி நின்றது அவளுடைய பயம். மன்றத்தில் அந்த ஆளுக்கு நான் போட்ட பதிலை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

நைனாவைக் கரையேற்றினோம். நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது, "லீவா?" என்றுதான்.

அடுத்த பாடு நாளுக்கு நான் நிஜமாகவே லீவு போட்டேன். ஃபோனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு இறங்கினேன். அன்றைக்கு ஒரு பெரிய கம்பெனியின் புது ஃபோன் அறிமுகம். சேற்றில் கால் புதைய நின்றுகொண்டிருந்தபோதும் கை தானாகச் சட்டைப்பை இருக்கும் இடத்தைத் தடவியது. இந்நேரம் என்ன காட்டியிருப்பார்கள், கேமரா எப்படி, விலை என்ன என்று மனம் அலைந்துகொண்டே இருந்தது. நீரோட்டம் இரண்டு முறை என் காலை வாரப் பார்த்தது. பக்கத்தில் நின்றவர் என் தோளைப் பிடித்து, "தண்ணிய பாருப்பா" என்றார். கரையில் நைனாவும் அம்மாவும் நிற்பது தெரிந்தது. நைனா உட்காரவே இல்லை. வாட்ச் இன்னும் அம்மா கையில்தான் இருந்தது. பழகிவிட்டது, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். அவள் இடுப்புப் பையில் நைனாவின் ஃபோனும் இருந்தது.

உடம்பெல்லாம் உப்பு அரிக்க வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஃபோனை எடுத்தேன், புது ஃபோனைப் பற்றிப் படிக்கத்தான். திரையில் அந்தச் செய்தி எங்கேயோ கீழே கிடந்தது. அதை மூடிக்கொண்டு மேலே வரிசையாக வாட்ச்சின் எச்சரிக்கைகள். நான் தண்ணீரில் நின்ற நேரம் முழுக்க, ஆளில்லாத வீட்டில், அலாரம் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.